உப்புவெளியில் புள்ளி போட்ட இரண்டு நாட்கள்

முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் வேலை செய்கின்ற பெண்கள் சிறுகுழு ஒன்றில் பதினொரு பேர் இருக்கின்றார்கள். அவர்களில் எட்டுப் பேர் குடும்பத்தைத் தனியாகத் தாங்குகின்றவர்கள். 2024 ஆம் ஆண்டு சித்திரை மாதக் கூட்டத்திற்கு அவர்களில் இரண்டு பேர் கடன் விண்ணப்பம் ஒன்றைக் கொண்டு வந்தார்கள். வீட்டோடு சேர்த்து இரண்டு அறைகள் கட்டி உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதே திட்டம். வெளிநாட்டிலிருந்து வந்து போன உறவினர் ஒருவர் சொல்லிக் கொடுத்த யோசனை அது. "நல்ல ஸ்டார் ஒண்டு எடுத்துப் போட்டியள் எண்டால் வெள்ளைக்காரர் தேடி வருவினம்" என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருக்கின்றார்.

கேட்ட கடன் ஏழு இலட்சம் ரூபா. அந்த விண்ணப்பத்தில் சிபார்சுக் கையெழுத்து வைக்க வேண்டியவள் நான்.

"மிஸ், இந்த ஸ்டார் எண்டிறதை ஆர் குடுக்கிறது? கச்சேரியிலயோ?" என்று கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் நான் படித்த சமூகவியலில் நட்சத்திர விடுதிகளைப் பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை. தெரியாத விடயத்திற்குக் கையெழுத்து வைப்பதில்லை என்று முன்னொரு தடவை பட்ட பாட்டிற்குப் பிறகு நான் முடிவெடுத்திருந்தேன். ஆகவே இரண்டு மாதங்கள் தேடி வாசித்தேன், தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். கடைசியில், வாசித்தது போதும், போய்ப் பார்ப்போம் என்று ஆனி மாதத்தில் ஒரு வானைப் பிடித்து எல்லோருமாகத் திருகோணமலைக்குப் புறப்பட்டோம். உப்புவெளியில் மூன்று அறைகளை வைத்து விருந்தினர் இல்லம் நடத்துகின்ற ஒரு அக்கா எங்களை ஓர் இரவு தங்க வைப்பதாகச் சொல்லியிருந்தார். அவருடைய கணவரும் 2008 இலிருந்து காணாமல் போனவர்களில் ஒருவர்.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, புளியங்குளம், வவுனியா, ஹொரவப்பொத்தானை என்று சுற்றிப் போனோம். கரையோரமாகப் பறந்து போனால் எவ்வளவு கிட்ட என்று வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வானுக்குள் வைத்து எல்லோருக்கும் ஒவ்வொரு தாள் கொடுத்தேன். அதில் ஐந்து கட்டங்கள்: இடத்தைக் கண்டுபிடிப்பது இலகுவா, துப்புரவு, மலசலகூடம், விளக்கம் சொல்ல ஆள் அல்லது பலகை உண்டா, வந்தது வீண்போகவில்லை என்ற எண்ணம். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று புள்ளி போட வேண்டும். பார்க்கப் போகின்ற ஒவ்வொரு இடத்திற்கும் இப்படி.

இது நானாகக் கண்டுபிடித்த விளையாட்டு அல்ல. இங்கிலாந்தில் அருங்காட்சியகம், பழைய மாளிகை, தோட்டம், மிருகக்காட்சிச் சாலை போன்ற இடங்களைக் கிட்டத்தட்ட இப்படித்தான் மதிப்பிடுகின்றார்கள். வருடத்தில் ஒரு தடவை மதிப்பீட்டாளர் ஒருவர் சாதாரணப் பயணி போல வந்து சேருவார். வருவதற்கு முன்னர் அந்த இடத்தைப் பற்றிய தகவலைத் தேடிப் பார்ப்பதிலிருந்தே அவருடைய வேலை ஆரம்பமாகி விடுகின்றது. வீதியில் பெயர்ப்பலகை ஒழுங்காக இருக்கின்றதா, ரிக்கற் கொடுப்பவர் முகம் பார்த்துப் பேசுகின்றாரா, மலசலகூடத்தில் சவர்க்காரம் இருக்கின்றதா, தேநீர்க் கடை, நினைவுப் பொருட் கடை எல்லாம் எப்படி என்று ஒவ்வொன்றாகக் குறித்துக் கொள்வார். பார்க்க வந்த பொருள் எவ்வளவு பெறுமதியானது என்பது அதில் ஒரு பங்கு மாத்திரமே. உலகத்தில் வேறெங்கும் இல்லாத பொருளை வைத்திருந்தாலும் வந்தவர் ஒதுங்க இடமில்லாமல் அவதிப்பட்டால் புள்ளி குறையும். விசேட பாராட்டுக்களும் உண்டு. நன்றாக வரவேற்ற இடத்திற்கு ஒன்று, பலருக்குத் தெரியாத நல்ல இடத்திற்கு ஒன்று, தன் கதையை மிகச் சிறப்பாகச் சொன்ன இடத்திற்கு ஒன்று.

முதலாவது இடம் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு சூடு. எங்களில் ஒரு அம்மா தன் தாயாரின் அந்தியேட்டிக்கு அங்கே வந்தவர். இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த கதையை அவரே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். விளக்கத்திற்கான புள்ளியை அந்த இடத்திற்குப் போடுவதா, அம்மாவுக்குப் போடுவதா என்று ஒரு வாக்குவாதம். அம்மாவுக்கே ஐந்து போட்டார்கள். பெண்கள் உடுப்பு மாற்றுகின்ற வசதிக்குக் கிடைத்த புள்ளியை நான் இங்கே எழுதவில்லை. நாங்கள் போன அன்று நல்ல சனம், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

உப்புவெளிக்குப் போய்ச் சேர மத்தியானம் தாண்டி விட்டது. கடற்கரை றோட்டிலிருந்து உள்ளே ஒரு ஒழுங்கை, அதன் முடிவில் சீமெந்துக் கல் வீடு. முன்னால் விறாந்தை, பக்கவாட்டில் புதிதாகக் கட்டிய மூன்று அறைகள், ஒரு வேப்ப மரம், அதன் கீழ் நான்கு பிளாஸ்ரிக் கதிரைகள். "வாங்கோ, வாங்கோ, முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ" என்று அக்கா எங்களை இருத்தினார். விறாந்தைச் சுவரில் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவுப் பத்திரம் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. எங்கள் ஆட்கள் எழும்பிப் போய் அதில் நட்சத்திரத்தைத் தேடினார்கள். இல்லை.

"எங்களுக்கு நட்சத்திரம் வராது பிள்ளையள். அது பெரிய ஹோட்டலுக்கு" என்றார் அக்கா.

எமது நாட்டில் நடைமுறை இதுதான். ஒன்று முதல் ஐந்து வரையான நட்சத்திரங்கள் ஹோட்டல்களுக்கு உரியவை. விருந்தினர் இல்லம், வீட்டோடு தங்க வைக்கும் இடம், பங்களா என்பன தனித்தனி வகைகள். அவற்றுக்கு ஏ, பி, சி என்று எழுத்தில் தரம் கொடுக்கப்படுகின்றது. 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் இந்த அதிகார சபை இயங்குகின்றது. அனுமதிப் பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஆகவே அந்த உறவினர் சொன்ன "நல்ல ஸ்டார்" எமது இரண்டு சகோதரிகள் கட்ட நினைத்த அறைகளுக்கு ஒரு நாளும் கிடைக்கப் போவதில்லை. இதைக் கேட்டதும் அவர்களில் ஒருவருடைய முகம் சுருங்கிப் போனதைக் கண்டேன். ஆனால் ஏமாறுவதற்கு இதில் ஒன்றும் இல்லை, ஏனென்று சொல்கின்றேன்.

நட்சத்திரம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது எனக்கு ஒரு பெண் கிடைத்தார். மரியானா ஸ்டார்க் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. அவருடைய தந்தை கிழக்கிந்தியக் கொம்பனிக்காகச் சென்னைப் பக்கத்தில் வேலை பார்த்தவர். நோயாளியான உறவினரைப் பராமரிப்பதற்காக இத்தாலியில் பல வருடங்கள் இருந்த மரியானா, பின்னர் ஐரோப்பாவில் பயணம் செய்பவர்களுக்கு வழிகாட்டி நூல்கள் எழுதினார். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு செலவாகும் என்பது போன்ற, வீடு நடத்துகின்றவர்களுக்கே தோன்றுகின்ற விபரங்களை எல்லாம் அவற்றில் சேர்த்தார். 1820 இல் வெளிவந்த நூலில், பார்க்க வேண்டிய ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் பக்கத்தில் ஆச்சரியக் குறி போட்டார். நல்லதுக்கு ஒன்று, மிக நல்லதுக்கு இரண்டு, மூன்று என்று. நோயாளியைக் கவனித்துக் கொண்டே ஊர் பார்த்த ஒரு பெண் தன் நோட்டுப் புத்தகத்தில் போட்ட குறிதான், பின்னால் வந்தவர்களின் கையில் நட்சத்திரமாக மாறியது என்று எண்ண எனக்குச் சந்தோசமாக இருந்தது.

ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் போடும் வழக்கத்தை 1912 இல் பிரித்தானியாவின் மோட்டார்காரர் சங்கமான ஏ.ஏ. தொடங்கியது. அதன் செயலாளர் முன்னர் மதுபான வியாபாரத்தில் இருந்தவராம். பிராந்திப் போத்தலில் தரத்தைக் காட்ட நட்சத்திரம் போடுவதைப் பார்த்து அதையே ஹோட்டலுக்கும் போட்டார். இதை நான் வாசித்துக் காட்டியபோது வேப்பமரத்தடியில் ஒரே சிரிப்பு. "அப்ப சாராயத்தில இருந்து வந்த சாமானோ இது!" என்றார் ஒரு அம்மா. சாராயத்தால் அவருடைய வீட்டில் நடந்ததை அறிந்த நாங்களும் சேர்ந்துதான் சிரித்தோம்.

சரி, இந்தப் புள்ளியை எதற்குக் கொடுக்கின்றார்கள்? இங்கேதான் விடயம் இருக்கின்றது. இருக்கின்ற பொருட்களை எண்ணிக் கொடுப்பது ஒரு வழி. இத்தனை அறை, லிப்ட், நீச்சல் தடாகம், எந்த நேரமும் ஆள் நிற்கும் வரவேற்பு மேசை. ஐரோப்பாவில் 2009 இல் ஏழு நாடுகளின் ஹோட்டல் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து பொதுவான ஒரு பட்டியலைத் தயாரித்தன. அதில் இருநூறுக்கு மேற்பட்ட அம்சங்கள் உள்ளன. ஆனால் முழு உலகத்துக்கும் பொதுவான ஒரு நட்சத்திர முறை இன்று வரை இல்லை. ஒரு நாட்டின் மூன்று இன்னொரு நாட்டில் நான்காக இருக்கலாம். டுபாயில் "ஏழு நட்சத்திர ஹோட்டல்" என்று சொல்லப்படுவதும் உத்தியோகபூர்வமான தரம் அல்ல. வந்து பார்த்துப் போன ஒரு பத்திரிகையாளரின் வாயில் பிறந்த பேச்சு அது.

இரண்டாவது வழி, இருப்பது எவ்வளவு நன்றாக இருக்கின்றது என்று பார்ப்பது. இங்கிலாந்தில் 1980 களில் கிரீடச் சின்னம் கொடுத்தார்கள். அதில் பொருட்களின் எண்ணிக்கைக்கே முதலிடம். தொலைபேசி இல்லாத, லிப்ட் இல்லாத, ஆனால் கண்ணாடி மாதிரித் துடைத்து வைத்த சிறிய வீடுகள் எல்லாம் கீழே போயின. 1999 இல் அதை மாற்றி ஹோட்டல்களுக்கு நட்சத்திரமும் சிறிய விருந்தினர் இல்லங்களுக்கு வைரச் சின்னமும் கொண்டு வந்தார்கள். பயணிகள் குழம்பிப் போகவே 2006 இல் வைரத்தைக் கைவிட்டு எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் என்று தீர்த்தார்கள். ஆனால் ஒவ்வொன்றையும் தன் வகையோடு மட்டும் ஒப்பிட்டார்கள். வீட்டில் அறை வாடகைக்கு விடும் ஒரு பெண் ஐந்து நட்சத்திரம் வாங்குவது இதனால் அங்கே சாத்தியமாகின்றது. அவரை ஹோட்டலோடு யாரும் ஒப்பிடுவதில்லை.

அங்கே சிறிய இல்லங்களில் பார்க்கும் முக்கியமான பகுதிகள் ஐந்து: துப்புரவு, உபசரிப்பு, காலைச் சாப்பாடு, படுக்கை அறை, குளியலறை. மொத்தப் புள்ளி எவ்வளவு கூடினாலும் இந்த ஐந்தும் தனித்தனியாக அந்தத் தரத்தைத் தொட வேண்டும். பிட்டும் சம்பலும் அருமையாக இருந்தது என்பதற்காகக் குளியலறை ஊத்தை மன்னிக்கப்படாது. மதிப்பிட வருபவர் சாதாரண விருந்தாளி போலப் பதிந்து, இரவு தங்கி, காலையில் சாப்பிட்டு, காசைக் கட்டிய பிறகுதான் தான் யாரென்று சொல்லுகின்ற வழக்கமும் அங்கே உண்டு. பிறகு உட்கார்ந்து எது குறை, எதைத் திருத்தினால் அடுத்த தரத்திற்குப் போகலாம் என்று விளக்குவார். இந்த மதிப்பீட்டில் சேருவது கட்டாயம் இல்லை. சேருபவர் அதற்குக் கட்டணமும் கொடுக்க வேண்டும்.

"காசு குடுக்கிற ஆளுக்கு எப்பிடி மிஸ் குறைச்சுப் போடுவினம்?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கட்டணம் வந்து பார்ப்பதற்குத்தான், புள்ளிக்கு அல்ல என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை. குறைவாகக் கிடைக்கும் என்று பயப்படுகின்றவர்கள் சேராமலே விட்டு விடுவார்கள் என்பதும் உண்மை. ஆகவே பட்டியலில் இருப்பவர்களை மட்டும் பார்த்து நாடு முழுவதும் நல்ல விடுதி என்று சொல்லிவிட முடியாது.

அதன் பிறகு எங்கள் ஆட்கள் உண்மையான மதிப்பீட்டாளர்களாக மாறினார்கள். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார்கள். அலுமாரி லாச்சியைத் திறந்தார்கள். நுளம்பு வலையில் ஓட்டை இருக்கின்றதா என்று வெளிச்சத்தில் பிடித்தார்கள். துவாயை முகர்ந்து பார்த்தவரும் உண்டு. அக்கா கோபிக்கவில்லை. "நல்லாப் பாருங்கோ, வெள்ளைக்காரர் இதைவிட வடிவாப் பாப்பினம்" என்றார். ஒரு அறையின் யன்னல் நிலையில் கறையான் புற்று ஒன்றைக் கண்டுபிடித்தோம். அக்காவே அன்றுதான் அதைக் கண்டார்.

ஆனால் இன்றைய நாளில் அவருடைய வருமானத்தைத் தீர்மானிப்பது அந்தப் பத்திரத்தில் உள்ள எழுத்து அல்ல. அவருடைய போனில் இருக்கின்ற ஒரு இலக்கம். புக்கிங் டொட் கொம் போன்ற நிறுவனங்களின் ஊடாக வந்து தங்கிப் போனவர்கள் பத்துக்கு இத்தனை என்று போடுகின்ற புள்ளியின் சராசரி அது. ஏர்பிஎன்பி என்ற நிறுவனத்தில் ஐந்து நட்சத்திரத்துக்குக் கணக்கு. அங்கே சிறந்த வீட்டுக்காரர் என்ற பட்டத்தை எடுக்கச் சராசரி 4.8 வேண்டும். அதாவது வருகின்றவர்களில் பெரும்பாலானோர் ஐந்து போட்டால்தான் உண்டு. "நன்றாக இருந்தது" என்று நினைத்து ஒருவர் நான்கு போட்டால் அது வீட்டுக்காரருக்கு அடி. பள்ளிக்கூடத்தில் ஐந்துக்கு நான்கு வாங்கினால் கெட்டிக்காரப் பிள்ளை என்று பழகிய எங்களுக்கு இது விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

2022 பங்குனியில் நாடு முழுவதும் மின்வெட்டு, ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது நினைவிருக்கும். அந்த நாட்களில் வந்து தங்கிய ஒருவர் மின்விசிறி சுற்றவில்லை என்று பத்துக்கு இரண்டு போட்டுவிட்டுப் போனார். அக்காவுக்கு அப்போது புதிய கணக்கில் ஆறு பேருடைய புள்ளிகள் மட்டும். சராசரி 9.5. இந்த ஒரு இரண்டு வந்ததும் அது 8.4 ஆக இறங்கியது. அறுநூறு பேர் புள்ளி போட்ட பெரிய ஹோட்டல் ஒன்றுக்கு அதே ஆள் அதே இரண்டைப் போட்டிருந்தால் 9.5 அப்படியே இருந்திருக்கும். நான் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். சிறியவர்களுக்கு ஒரு வாய்ச் சொல்லே போதும் என்பது எங்கள் கிராமத்துப் பெண்களுக்குத் தெரியாத விடயம் அல்ல.

"அழுதனான்" என்றார் அக்கா. "பிறகு மகளைக் கொண்டு மறுமொழி எழுதினனான். நாடு முழுக்க கறன்ற் இல்லை, நாங்கள் விசிறியால விசிறி விட்டிருப்பம், நீங்கள் கேக்கேல்லை எண்டு. அந்த மறுமொழியைப் பாத்துத்தான் வந்தனாங்கள் எண்டு பிறகு ரெண்டு மூண்டு பேர் சொல்லிச்சினம்."

அவர் 2017 இல் தொடங்கியவர். 2018 இல் நாட்டுக்கு 23 இலட்சத்து 33 ஆயிரம் வரையான பயணிகள் வந்தார்கள். அது அவருக்கும் நல்ல வருடம். 2019 சித்திரை 21 இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்கள். கிழக்கின் பருவகாலம் தொடங்க இருந்த நேரம், பதிந்தவர்கள் எல்லாம் ஒரு கிழமைக்குள் இரத்துச் செய்தார்கள். பிறகு கொரோனா. 2021 இல் முழு நாட்டுக்கும் வந்தவர்கள் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. பிறகு 2022. திரும்பவும் 20 இலட்சத்தைத் தாண்டியது 2024 இல்தான். இதில் எந்த வருடத்திலும் அவருடைய கட்டில் விரிப்பு அழுக்காக இருக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குசினி வாசலில் இருந்து அக்கா தன் கொப்பியைத் திறந்தார். எங்கள் இரண்டு விண்ணப்பதாரிகளும் அவருக்கு இரு பக்கமும் இருந்தார்கள். ஓர் அறை ஓர் இரவுக்கு 6000 ரூபா. நிறுவனத்தின் தரகு நூற்றுக்குப் பதினைந்து, 900 ரூபா. இரண்டு பேரின் காலைச் சாப்பாடு 700. தோய்ப்பு, சவர்க்காரம், மின்சாரம் 500. மிச்சம் 3900. திருகோணமலையில் கடல் அமைதியாக இருக்கும் வைகாசி முதல் புரட்டாதி வரையே ஆட்கள் வருவார்கள். மாரியில் வாசல் பூட்டு. அதற்கு முந்திய வருடம் மூன்று அறைகளும் சேர்த்து 94 இரவுகள் நிரம்பின. 94 ஐ 3900 ஆல் பெருக்கினால் 3,66,600 ரூபா. கட்டிய கடனுக்கு மாதம் 18,000 படி வருடத்துக்கு 2,16,000 போனது. மிஞ்சியது 1,50,600. மாதத்துக்குப் பிரித்தால் பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்.

யாரும் பேசவில்லை. குசினிக்குள் குழாய் சொட்டுகின்ற சத்தம் கேட்டது.

"கடன் முடிய நல்லா வரும்" என்று அக்காவே சொன்னார். "அடுத்த வருசத்தோட முடியுது."

காணி உறுதி பற்றியும் அவர் சொன்னார். வளவு கணவரின் பெயரில். பதிவுக்குப் போன இடத்தில் உறுதிக்காரர் எங்கே என்று கேட்டிருக்கின்றார்கள். மரணச் சான்றிதழ் எடுத்தால் இலகுவில் முடியும் என்று பலரும் புத்தி சொன்னார்கள். அவர் எடுக்கவில்லை. 2016 இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னர், காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாக "காணாமற்போனமைக்கான சான்றிதழ்" பெறலாம். அதை வைத்துக்கொண்டு மனைவி சில உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம், சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். கணவர் இறந்து விட்டார் என்று எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்தச் சான்றிதழ் ஒவ்வொரு அலுவலகத்திலும் என்னவென்று விளங்கப்படுத்தவே அவருக்கு எட்டு மாதம் பிடித்தது. எங்கள் குழுவில் இதே நிலையில் மூன்று பேர் இருக்கின்றார்கள். அவர்கள் கேட்ட கேள்விகள் நள்ளிரவு வரை போயின. விடுதி பற்றி யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

இன்னொன்றையும் கேட்டோம். தனியாக இருக்கின்ற பெண், அந்நிய ஆட்களை எப்படி வீட்டில் வைப்பது? அக்கா சிரித்தார். "வந்தவையால ஒரு கரைச்சலும் வரேல்லை. அயலட்டையின்ர வாய்தான்." தனி ஆண்களை அவர் எடுப்பதில்லை. கடவுச்சீட்டைப் பார்த்து எழுதி வைக்கின்றார். சில நிறுவனங்களில் வீட்டுக்காரரும் விருந்தாளிக்குப் புள்ளி போடலாம். இருவரும் எழுதி முடிக்கும்வரை அல்லது பதினான்கு நாட்கள் கழியும்வரை ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க முடியாது. இந்த ஏற்பாடு எங்கள் ஆட்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. சம்பந்தம் பேசும்போதும் இப்படி ஒன்று வேண்டும் என்றார் ஒருவர்.

மறுநாள் காலையில் கோணேசர் கோவில். பிரெட்றிக் கோட்டைக்குள்ளால் நடந்து, மான்களுக்கு வாழைப்பழத் தோல் கொடுத்து, மேலே ஏறினோம். தாளை எடுத்ததும் கன்னியாவில் கதை சொன்ன அம்மா மறுத்து விட்டார். "சாமிக்குப் புள்ளி போடுறதோ? என்னால ஏலாது." கடைசியில் கோவிலுக்கு இல்லை, வழிக்கும் கடைகளுக்கும் மலசலகூடத்துக்கும் மட்டும் என்று ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். கடலைப் பார்த்த பிறகு அந்தப் புள்ளியும் கண்டபடி கூடியது என்பது என் அபிப்பிராயம். புறாமலைக்குப் போக வள்ளக் கூலி கட்டுப்படியாகவில்லை. 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அந்தத் தீவில், பார்க்க வருகின்ற கூட்டத்தின் கால் பட்டே முருகைக் கற்கள் உடைகின்றன என்று அக்கா சொன்னார். நல்ல பெயர் எடுத்த இடத்துக்கு அதுவும் ஒரு கேடு.

திரும்பும் வழியில் நிலாவெளி றோட்டில் இருக்கின்ற யுத்த மயானத்தில் வானை நிறுத்தச் சொன்னேன். இரண்டாவது உலகப் போரில் இறந்த, பெரும்பாலும் பிரித்தானியப் படையினரான முந்நூறு பேரளவில் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றார்கள். 1942 சித்திரை 9 இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட காலத்தை ஒட்டியவர்களும் அவர்களில் உண்டு. பொதுநலவாய நாடுகளின் யுத்தக் கல்லறை ஆணைக்குழு அதைப் பராமரிக்கின்றது. நுழைவுக் கட்டணம் இல்லை, கடை இல்லை. வெட்டிய புல், வரிசையாகத் தாழ்வான கற்கள், கல்லில் பெயர், வயது. பத்தொன்பது, இருபத்தொன்று, இருபது.

ஐந்து நிமிடம் என்று சொல்லித்தான் இறங்கினோம். முக்கால் மணித்தியாலம் ஆகி விட்டது. கடைசி வரிசையில் நின்ற ஒரு அம்மாவைக் கூப்பிட யாருக்கும் மனம் வரவில்லை. அவருடைய மகனுக்குப் போகும்போது பதினெட்டு வயது. வானில் ஏறிய பிறகு அவர் யாரிடமும் இல்லாமல் பொதுவாகக் கேட்டார். "எண்பது வருசமாப் புல்லு வெட்டுகினமோ?" ஓம் என்றேன். அவர் தாளை மடித்து என்னிடம் தந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். எல்லா இடத்துக்கும் புள்ளி இருந்தது. யுத்த மயானம் என்ற வரிசையில் கட்டங்கள் வெறுமையாக இருந்தன.

போர் முடிந்த பிற்பாடு கிளிநொச்சியில் விழுத்தப்பட்டுக் கிடந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்க்கத் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்ததும், அதன் பக்கத்தில் நினைவுப் பொருள் விற்கும் கடை இருந்ததும் எங்களில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கின்றது. அந்தக் கூட்டம் போகும்போது நாங்கள் வீதியோரத்தில் தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். பார்வையிடும் இடங்களை மதிப்பிடும் எந்தப் படிவத்திலும், அங்கே வாழ்கின்றவர்களிடம் கேட்டீர்களா என்ற ஒரு கட்டத்தை நான் இன்னும் காணவில்லை. தன் கதையைச் சிறப்பாகச் சொன்ன இடத்துக்குப் பாராட்டுக் கொடுக்கின்றார்கள். யாருடைய கதை என்று கேட்பதற்கு ஒரு புள்ளி வைத்தால் என்ன என்று வானுக்குள் பேசிக்கொண்டு வந்தோம்.

ஊருக்கு வந்த பிறகு விண்ணப்பங்களில் ஒன்று திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சகோதரியின் வீடு கடலுக்கும் தூரம், பிரதான வீதிக்கும் தூரம். 94 இரவுகள் அவருக்குக் கிடைக்காது என்று அவரே கணக்குப் பார்த்துவிட்டார். இப்போது இடியப்பம் அவித்து இரண்டு கடைகளுக்குக் கொடுக்கின்றார். மற்றவர் ஏழு இலட்சத்தை இரண்டரை இலட்சமாகக் குறைத்தார். புதிதாக அறை கட்டாமல், இருக்கின்ற பக்க அறையைத் திருத்தி, குளியலறை ஒன்றை மட்டும் கட்டப் போவதாகச் சொன்னார். நான் கையெழுத்து வைத்தேன். அறை முடிந்து விட்டது. காணாமற்போனமைக்கான சான்றிதழ் கிடைத்து, பிரதேச சபையின் கடிதத்துக்காகக் காத்திருக்கின்றார். போன மாதம் கூட்டத்துக்கு வந்தபோது ஒரு பையை நீட்டி, "மிஸ், இதுக்கு எத்தினை போடுவியள்?" என்று கேட்டார். உள்ளே வவுனியாவில் வாங்கிய நான்கு வெள்ளைத் துவாய்கள். எல்லோரும் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தார்கள்.